பூக்குமுன் களைதல்: எலெக்ட்ரானிக் சிட்டியும் பார்த்தீனியமும்

பெங்களூர் நகரின் தெற்கே, ஓசூர் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டி அமைந்திருப்பது எலெக்ட்ரானிக் சிட்டி. கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் ஊர்களின் நிலத்தில் ஏறத்தாழ 332 ஏக்கர் பரப்பில், கர்நாடக அரசின் மின்னணுவியல் நிறுவனமான கியோனிக்ஸ் 1978ஆம் ஆண்டில் இதனைத் தோற்றுவித்தது. கேழ்வரகும் மொச்சையும் விளையும் செம்மண் பிரதேசம் இது. இன்று இங்கே தொழிற்கூடங்களும் அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்துள்ளன. அவற்றின் இடையே, கட்டடம் எழும்பாத மனைகளும், சாலையோரச் சரிவுகளும், தோண்டிய மண் குவிந்த மேடுகளும், ஏரிக்கரைகளும் எஞ்சி நிற்கின்றன.

கோடை மழை பெய்து சில நாட்கள் கழிந்தபின் இத்தகைய இடங்களைப் பார்வையிடுவோர், தரையோடு ஒட்டி வட்டமாக இலை விரித்த சிறு செடிகளை எங்கும் காண்பர். அவற்றின் இலைகள் கேரட் செடியின் இலையைப் போல் ஆழமாகப் பிளவுபட்டிருக்கும். ஆறேழு வாரங்களில் அதே நிலம் இடுப்பளவு உயர்ந்த செடிகளால் மூடப்பட்டு, வெண்ணிறப் பூக்களால் நிறைந்து விடுகிறது. இதுவே பார்த்தீனியம். தாவர நூலார் இதற்குப் பார்த்தீனியம் ஹிஸ்டெரோபோரஸ் என்று பெயரிட்டுள்ளனர். கன்னடத்திலும் தமிழிலும் மக்கள் இதனைக் காங்கிரஸ் செடி என்றும், காங்கிரஸ் புல் என்றும் வழங்குவர். எனினும் இது புல் இனத்தைச் சார்ந்ததன்று. சூரியகாந்தியின் குடும்பத்தைச் சார்ந்தது.

அயல்நாட்டிலிருந்து வந்து பரவும் உயிரினங்களை எவ்வாறு தடுப்பது, பரவிவிட்டவற்றை எவ்வாறு அடக்குவது என்னும் வினாக்களுக்குப் பார்த்தீனியத்தின் வரலாறு தெளிவான விடைகளைத் தருகிறது. அவ்வரலாற்றின் முக்கியமான ஒரு பகுதி பெங்களூரிலேயே நிகழ்ந்ததாகும். ஆதலின், அதனைக் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் பயனுடையது.

வந்தேறிய செடிகள் யாவும் பகையல்ல

அயல்நாட்டிலிருந்து வந்தது என்பதனாலேயே ஒரு செடி தீயதாகி விடாது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை ஆகியன யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. அவை உழவர் விதைத்த இடத்தில் வளர்கின்றன. விதைக்காத இடத்தில் பெருகிப் பிறவற்றை அழிப்பதில்லை. வந்து சேரும் அயலினங்களுள் மிகச் சிலவே, மனிதனின் உதவியை எதிர்பாராமல் தாமே பெருகி, உள்நாட்டுத் தாவரங்களை நெருக்கி, பயிருக்கும் உடல்நலத்திற்கும் தீங்கு விளைவிக்கின்றன. இவற்றையே ஆக்கிரமிப்பு இனங்கள் என்கிறோம்.

இவ்வாறு ஆவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, தாய்நாட்டில் அச்செடியைத் தின்று அதன் தொகையை மட்டுப்படுத்திவந்த பூச்சிகளும் நோய்களும் புதிய நாட்டில் இல்லாமை. இரண்டாவது, நிலத்தை நாம் அடிக்கடி கிளறி, மேல்மூடியிருந்த தாவரங்களை அகற்றி, வெறுந்தரையாக விடுதல். வெறுந்தரையில் முதலில் முளைத்து விரைவில் விதை தரும் செடியே அங்கு ஆட்சி செலுத்தும். எலெக்ட்ரானிக் சிட்டி போன்று இடைவிடாது கட்டட வேலை நடைபெறும் இடங்களில் இவ்விரு காரணங்களும் ஒருங்கே அமைந்துள்ளன.

இந்தியாவிற்கு வந்த வரலாறு

மெக்சிகோ வளைகுடாவைச் சூழ்ந்த நாடுகளே பார்த்தீனியத்தின் தாயகம். இந்தியாவில் இது களையாகப் பரவியிருப்பது 1955ஆம் ஆண்டில் பூனா நகரில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையுடன் இதன் விதைகள் கலந்து வந்தன என்று பரவலாகக் கருதப்படுகிறது. ஆயினும், 19ஆம் நூற்றாண்டிலேயே இச்செடி நம் நாட்டில் சேகரிக்கப்பட்டதற்கான தாவரப் பதிவும் குறிக்கப்பட்டுள்ளது. அயலினம் ஒன்று ஓரிடத்தில் பல்லாண்டுகள் அடங்கிக் கிடந்து, தக்க சூழ்நிலை வாய்த்ததும் பெருகுவது பிற நாடுகளிலும் அறியப்பட்ட செய்தியே. இன்று ஒரு மூலையில் பத்துச் செடிகளாக நிற்பதைப் பொருட்படுத்தாமல் விடலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

1955க்குப் பின் சில பத்தாண்டுகளில் இக்களை இந்தியாவின் ஏறத்தாழ எல்லா மாநிலங்களுக்கும் பரவிவிட்டது. கர்நாடக அரசு 1975ஆம் ஆண்டில் இதனைத் தீங்கு பயக்கும் களையாகச் சட்டப்படி அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலும், எத்தியோப்பியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலும், இலங்கையின் வட பகுதியிலும் இச்செடி பரவியுள்ளது. குவீன்ஸ்லாந்தின் மேய்ச்சல் நிலங்களுக்கு அது புல்விதையுடன் கலந்து சென்றது. தானியம், புல்விதை, வைக்கோல் ஆகிய நாம் விரும்பி வாங்கும் பொருள்களுடன் நாம் விரும்பாத விதையும் பயணம் செய்கிறது என்பதை இது காட்டும்.

செடியின் இயல்பு

பார்த்தீனியம் ஓராண்டுக்குட்பட்ட வாழ்நாளையுடைய செடி. முளைத்த சில வாரங்கள் வரை தண்டு எழும்பாமல், இலைகள் மட்டும் தரையில் வட்டமாகப் படர்ந்திருக்கும். இந்நிலையில் அடியிலுள்ள புல்லும் பிற செடிகளின் நாற்றுகளும் வெளிச்சமின்றி நலிந்து போகின்றன. பின்னர்த் தண்டு எழுந்து, பல கிளைகளாகப் பிரிந்து, 1 மீட்டருக்கு மேலும் வளரும். முளைத்து ஏறத்தாழ 4 முதல் 8 வாரங்களுக்குள் பூக்கத் தொடங்கும்; ஈரம் உள்ளவரை தொடர்ந்து பூக்கும்.

பூங்கொத்துகள் ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர் அளவேயுள்ள சிறு வெண்ணிறத் தலைகளால் ஆனவை. ஒரு தலையில் ஐந்து விதைகள் வரையே உண்டாகும். ஆனால் ஒரு செடியில் ஆயிரக்கணக்கான தலைகள் தோன்றுவதால், நன்கு வளர்ந்த செடி ஒன்று 15,000 விதைகளுக்குக் குறையாமல் தரவல்லது. இதன் பொருளைக் கணக்கிட்டுக் காண்போம். 15,000 விதைகளில் நூற்றுக்கு ஒன்றே முளைத்து முதிர்வதாகக் கொண்டாலும், ஒரு செடியின் இடத்தில் அடுத்த தலைமுறையில் 150 செடிகள் நிற்கும். அவை தரும் விதைகள் 22,50,000. கடுங்குளிரும் கடுவெப்பமும் இல்லாத பெங்களூர்த் தட்பவெப்ப நிலையில், ஈரம் கிடைக்குமாயின் ஓராண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறைகள் தோன்ற இயலும்.

விதையின் மற்றோர் இயல்பையும் மனத்திற் கொள்ள வேண்டும். மண்ணின் மேற்பரப்பிலுள்ள விதை ஈரம் கண்டதும் முளைக்கிறது. ஆழத்தில் புதைந்த விதையோ வெளிவர இயலாமல், ஆனால் உயிரிழக்காமல், ஆண்டுக்கணக்கில் உறங்குகிறது. மண் வாரும் இயந்திரம் அவ்விடத்தைத் தோண்டும்போது, உறங்கிய விதைகள் மேலே வருகின்றன. மண்ணை ஏற்றிச் செல்லும் லாரியுடன் வேற்றிடத்திற்கும் போகின்றன. செடியே இல்லாத மனையிலும் மண் கொட்டிய மறுபருவத்தில் பார்த்தீனியம் அடர்ந்து எழுவதன் காரணம் இதுவே.

விளையும் தீங்குகள்

இச்செடியின் இலை, தண்டு, பூ ஆகியவற்றில் பார்த்தீனின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. இது தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகிறது. முதலில் கண்ணிமை, கழுத்து, முழங்கையின் உட்புறம் ஆகிய இடங்களில் அரிப்பும் தடிப்பும் தோன்றும். மீண்டும் மீண்டும் செடியைத் தொடுவோருக்கு இது நாட்பட்ட தோல்நோயாக மாறி, வெயிலில் நிற்கவும் இயலாத நிலையை உண்டாக்கக்கூடும். மகரந்தம் காற்றில் கலந்து மூக்கொழுக்கு, தும்மல், மூச்சிரைப்பு ஆகியவற்றை விளைவிக்கும். எல்லோருக்கும் ஒவ்வாமை ஏற்படுவதில்லை. ஆனால் பல ஆண்டுகள் யாதொரு தீங்குமின்றித் தொட்டு வந்தவருக்கும் ஒருநாள் அது தொடங்கலாம். ஒருமுறை தொடங்கியபின் முற்றிலும் நீங்குவது அரிது.

இத்தீங்குக்கு முதலில் ஆளாகுபவர்கள், காலி மனைகளைத் துப்புரவு செய்யும் கூலித் தொழிலாளரும், கட்டட வேலையிடத்தை ஒட்டிக் குடிசையமைத்து வாழும் குடும்பத்தினரும், அங்கு விளையாடும் குழந்தைகளுமே ஆவர். கையுறையும் முழுக்கைச் சட்டையும் தராமல் இச்செடியைப் பிடுங்கச் சொல்வது, களையை அகற்றும் பணியன்று; நோயைப் பகிர்ந்தளிக்கும் பணியேயாகும்.

கால்நடைகள் பொதுவாக இதனைத் தின்பதில்லை. வேறு தீவனம் கிடைக்காமல் தின்னும் மாடுகளின் பால் கசக்கும். மிகுதியாகத் தின்றால் அவற்றின் உடல்நலமும் கெடும். இதன் வேரிலிருந்தும் மட்கிய இலையிலிருந்தும் கசியும் பொருள்கள் அண்டையிலுள்ள பயிர்களின் முளைப்பையும் வளர்ச்சியையும் குறைப்பதாக ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆனேக்கல், அத்திப்பள்ளி, ஓசூர் வட்டாரங்களில் நகரின் காலி மனையும் கேழ்வரகு வயலும் காய்கறித் தோட்டமும் அடுத்தடுத்து உள்ளன. ஆகவே மனையில் விளைந்த விதை வயலுக்குச் செல்ல நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

பரவும் வழிகள்

காற்றினால் இவ்விதைகள் சிறிது தூரமே செல்லும். நெடுந்தொலைவுக்கு அவற்றைக் கொண்டுசெல்வன பின்வருவன:

1. கட்டட வேலைக்காகத் தோண்டி ஏற்றிச் செல்லப்படும் மண், மணல், கட்டட இடிபாடு.

2. மண் வாரும் இயந்திரங்களின் சக்கரங்களிலும் வாளிகளிலும், லாரிகளின் அடிப்பாகத்திலும் ஒட்டிய சேறு.

3. நாற்றுப் பண்ணைகளிலிருந்து பூந்தொட்டிகளுடனும் புல்தரைத் துண்டுகளுடனும் வரும் மண். நன்கு மட்காத தொழுவுரம்.

4. வைக்கோல், உலர்தீவனம், தூய்மை செய்யப்படாத விதை.

5. மழைநீர் ஓடும் ராஜகால்வாய்களும் அவை சென்று சேரும் ஏரிகளின் கரைகளும்.

6. பூத்த செடிகளைப் பூச்செண்டுகளில் இடையே வைத்துக் கட்டும் வழக்கம்.

இவற்றுள் நீரோட்டம் ஒன்று நீங்கலாக ஏனைய யாவும் மனிதரின் செயல்களே என்பதைக் கவனிக்க வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டியை நகரத்துடன் இணைக்கும் உயர்மட்டச் சாலை 2010ஆம் ஆண்டிலும், பொம்மசந்திரா வரை செல்லும் மெட்ரோ ரயில் பாதை 2025ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. பெரும் வேலைகள் நடைபெறும் இடங்களிலெல்லாம் மண்ணின் போக்குவரத்தும் உண்டு. வேலையை நிறுத்த இயலாது, நிறுத்தவும் வேண்டியதில்லை. மண் எங்கிருந்து வருகிறது, எங்குச் செல்கிறது என்பதைக் கவனிப்பதும், வேலை முடிந்த இடத்தை வெறுந்தரையாக விடாமல் மூடுவதுமே வேண்டுவன.

குவீன்ஸ்லாந்தில் இக்களை உள்ள வட்டாரங்களைக் கடக்கும் வாகனங்களையும் அறுவடை இயந்திரங்களையும் கழுவுவதற்குப் பொதுக் கழுவுமிடங்கள் அமைக்கப்பட்டுள்ளன. தண்ணீர்க் குழாயும் சேற்றைத் தேக்கும் தொட்டியும் கொண்ட இவ்வேற்பாட்டை, பெரிய கட்டட வேலையிடங்களின் வாயிலில் நாமும் எளிதில் செய்யலாம்.

பெங்களூரில் விடப்பட்ட வண்டு

தாய்நாட்டில் ஒரு செடியைத் தின்னும் பூச்சியைத் தேடிக் கொணர்ந்து, அது பிறவற்றைத் தின்னாது என்பதைச் சோதித்தறிந்தபின் களத்தில் விடுவதை உயிரியல் முறைக் கட்டுப்பாடு என்பர். பார்த்தீனியத்திற்காக மெக்சிகோவிலிருந்து சைகோகிராமா பைகொலொராட்டா என்னும் சிறு வண்டு 1983ஆம் ஆண்டில் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டது. இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் பூச்சியியல் வல்லுநர்கள் அதனை அடைத்து வைத்து, பல்வேறு பயிர்ச்செடிகளின் மீது சோதனை செய்தபின், 1984ஆம் ஆண்டில் பெங்களூரில் களத்தில் விட்டனர்.

அக்காலத்தில் எபிப்ளிமா ஸ்ட்ரெனுவானா என்னும் அந்துப்பூச்சியும் இதே நோக்கத்துடன் கொண்டுவரப்பட்டது. ஆஸ்திரேலியாவில் அது பார்த்தீனியத்திற்கு எதிராகப் பயன்பட்டு வந்தது. ஆனால் பெங்களூரில் நடந்த சோதனையில், அது பேயெள் செடியிலும் தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்க வல்லது என்று தெரிந்தது. பேயெள் ஆஸ்திரேலியாவில் பொருட்படுத்தத்தக்க பயிரன்று. இந்திய மலைநாட்டு உழவர்க்கோ அது எண்ணெய்வித்துப் பயிர். ஆகவே அப்பூச்சி களத்தில் விடப்படாமல் அழிக்கப்பட்டது. ஒரு நாட்டில் நன்மை செய்த உயிர் மற்றொரு நாட்டிலும் நன்மையே செய்யும் என்று கொள்ளலாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

விடப்பட்ட வண்டு 6 மில்லிமீட்டர் நீளமுள்ளது. வெளிர்மஞ்சள் நிறச் சிறகுறைகளின் மீது கரும்பழுப்பு நிறக் கோடுகள் நெடுக்காக ஓடும். இலைகளில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழுக்கள் தளிரையும் இலையையும் தின்று, இரண்டு வாரங்கள் அளவில் முதிர்ந்து, மண்ணுள் சென்று கூட்டுப்புழுவாகி, மீண்டும் வண்டாக வெளிப்படும். மழைக்காலத்தில் இவ்வாறு பல தலைமுறைகள் தோன்றும். மழை ஓய்ந்து குளிர் தொடங்கியதும் வண்டுகள் மண்ணுள் புதைந்து, அடுத்த ஆண்டின் மழை வரை உறங்கும்.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் பலன் மிகுதியாகத் தெரியவில்லை. பின்னர் வண்டுகள் பெருகி, பெங்களூரைச் சுற்றிப் பல இடங்களில் பார்த்தீனியத்தை இலையின்றி மொட்டையாக்கின. அவ்விடங்களில் அதுவரை நெருக்கப்பட்டுக் கிடந்த வேறு பல செடிகள் மீண்டும் தழைத்தன என்று ஆராய்ச்சியாளர் பதிவு செய்துள்ளனர்.

சூரியகாந்தி பற்றிய ஐயம்

இந்நிலையில் எதிர்பாராத செய்தி ஒன்று வந்தது. கர்நாடகத்தின் சில சூரியகாந்தி வயல்களில் இவ்வண்டு இலையைக் கடிப்பதாக 1990களின் தொடக்கத்தில் புகார் எழுந்தது. சூரியகாந்தியும் பார்த்தீனியமும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. எண்ணெய்வித்து உழவர் அச்சமுற்றதில் வியப்பில்லை. மத்திய அரசு ஆராய்வுக் குழுவொன்றை அமைத்தது; உண்மை தெரியும்வரை வண்டுகளைப் புதிய இடங்களில் விடுவது நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆராய்ச்சியில் தெரியவந்தது யாதெனில், அண்டையிலுள்ள பார்த்தீனியத்தின் மகரந்தம் சூரியகாந்தி இலையின் மீது படியும்போது, அதன் மணத்தால் ஈர்க்கப்பட்டு வண்டுகள் அவ்விலையைக் கடிக்கின்றன என்பதே. பார்த்தீனியம் முழுவதையும் தின்று தீர்த்துப் பசியோடு இருக்கும் வண்டுகளே பெரும்பாலும் இவ்வாறு செய்தன. சூரியகாந்தியில் நிலையாகப் பெருகி அப்பயிருக்குப் பகையாகும் தன்மை அதற்கு இல்லை என்று முடிவு செய்யப்பட்டது. பின்னர்த் தடை நீங்கி, வண்டு பிற மாநிலங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் களப்பணியாளருக்கு இரண்டு படிப்பினைகள் உள்ளன. உழவர் கூறிய புகார் அலட்சியம் செய்யப்படவில்லை, அது சோதித்தறியப்பட்டது. பூச்சியை விட்டபின் வேலை முடிந்துவிடவில்லை. பல்லாண்டுகள் தொடர்ந்து நோக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன் எபிப்ளிமா பூச்சியைக் கைவிட்டதும், பின்னர் சைகோகிராமா வண்டை ஐயத்திற்கு உட்படுத்தியதும் ஒரே விழிப்புணர்ச்சியின் இரு செயல்களாகும்.

வண்டின் எல்லை

இவ்வளவு நன்மை செய்யும் வண்டு இருந்தும் எலெக்ட்ரானிக் சிட்டியின் மனைகளில் பார்த்தீனியம் ஏன் நிற்கிறது என்று வினவலாம். வண்டு மழைக்காலத்தில்தான் இயங்குகிறது. கோடை மழையில் முளைக்கும் செடிகள், வண்டு போதிய தொகையில் பெருகுமுன்னரே பூத்து விடுகின்றன. மழைக்காலம் முடிந்தபின் கசியும் குழாயருகிலும் கழிவுநீர்க் கால்வாயோரத்திலும் நிற்கும் செடிகள், வண்டு உறங்கும் மாதங்களில் யாதொரு தடையுமின்றி விதை தருகின்றன. மேலும், மண்ணில் உறங்கும் வண்டு, அம்மண் தோண்டப்படும்போதும் மேலே கான்கிரீட் போடப்படும்போதும் அழிகிறது. விதையோ அத்தோண்டலால் பயனடைகிறது. ஆகவே கட்டட வேலை மிகுந்த பகுதியில் வண்டு மட்டும் போதாது. மனிதரின் முயற்சியும் உடன் வேண்டும்.

ஆண்டு முழுவதற்குமான வேலைமுறை

பெங்களூர்ப் பகுதியின் மழையை ஒட்டிப் பின்வரும் வேலைமுறையைக் கைக்கொள்ளலாம்.

ஏப்ரல், மே மாதங்கள்: முதல் மழைக்குப்பின் இளஞ்செடிகள் தரையோடு படர்ந்திருக்கும் காலம். ஈரமண்ணிலிருந்து வேரோடு பிடுங்குவது எளிது. இக்காலத்தில் ஒருநாளில் முடியும் வேலையைப் பூத்தபின் ஒரு வாரத்திலும் முடிக்க இயலாது. பிடுங்கிய இடத்தில் உடனே தகரை விதையைத் தூவலாம். அடர்ந்து வளரும் தகரை, பார்த்தீனியத்தின் நாற்றுகளுக்கு வெளிச்சம் கிடைக்காமற் செய்யும். சாலையோரங்களில் அருகம்புல்லும், அலுவலக வளாகங்களில் துலுக்கச் சாமந்தியும் அடர நடலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: வண்டுகளைத் தேடுங்கள். இலைகள் அரிக்கப்பட்டு, செடிக்குப் பல வண்டுகள் காணப்படும் இடத்தில் களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளிக்க வேண்டாம். செடிகளையும் வண்டுகளோடு சேர்த்து அகற்ற வேண்டாம். வண்டே இல்லாத இடங்களைக் குறித்துக்கொண்டு, வேளாண்மைத்துறை அல்லது ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரையுடன் அங்கு வண்டுகளை விடலாம். ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி இயக்ககம் ஆண்டுதோறும் ஆகஸ்டு 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்துகிறது. பள்ளிகளும் உள்ளாட்சிகளும் தம் பணியைத் தொடங்க இது நல்ல வாய்ப்பு.

அக்டோபர், நவம்பர்: வண்டுக்குத் தப்பிய செடிகளை அடையாளம் கண்டு, பூக்குமுன் அகற்ற வேண்டும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை: நிலம் வறண்டிருப்பதால் செடிகள் மிகக் குறைவு. ஈரம் கசியும் சில இடங்களில் மட்டுமே அவை பச்சையாக நிற்கும். அடுத்த பருவத்திற்கான புதிய விதை இவற்றிலிருந்தே வருவதால், இம்மாதங்களில் பத்துச் செடிகளை அகற்றுவது பெரும் பயன் தரும்.

அகற்றும் முறையிலும் கவனம் வேண்டும். தரைக்கு மேல் வெட்டுவதால் பயனில்லை. அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். பூக்காத செடிகளைக் குழியிலிட்டு, சாணக் கரைசல் தெளித்து, மண்ணால் மூடி மட்க வைத்தால் நல்ல எருவாகும். பூத்த செடிகளை எருக்குழியில் இடலாகாது. வெப்பம் போதாவிடில் விதை உயிருடன் எஞ்சி, எருவுடன் வயலுக்குச் செல்லும். பூத்தவற்றை விதை உதிராமற் சாக்கில் கட்டி, வேறிடம் கொண்டுசெல்லாமல் அவ்விடத்திலேயே ஆழப் புதைப்பது நன்று. புதைத்த இடத்தைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

சாலையோரத்தில் 15 முதல் 20 சதவிகிதச் சமையலுப்புக் கரைசலைத் தெளித்துச் செடியைக் கருகச் செய்யும் முறையும் உண்டு. இது மண்ணை உவராக்குமாதலால் விளைநிலத்திற்கும் ஏரிக்கரைக்கும் மரங்களின் அடிக்கும் ஏற்றதன்று. களைக்கொல்லிகளைப் பொறுத்தவரை, கிளைபோசேட்டின் உபயோகத்தைக் கட்டுப்படுத்தி மத்திய அரசு 2022ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்துள்ளது. ஆதலின் வேளாண்மைத்துறையிடம் விதிகளைக் கேட்டறியாமல் எதனையும் தெளிக்கலாகாது.

தொழில் நகரின் உட்பகுதியைப் பராமரிப்பது அதற்கென அமைந்த நகரிய ஆணையம். சுற்றிலுமுள்ள ஹெப்பகோடி, பொம்மசந்திரா ஆகியவை வேறு உள்ளாட்சிகளைச் சார்ந்தவை. காலி மனைகளோ தனியாருக்கு உரியவை. ஓர் எல்லைக்குள் செடியை அகற்றி, அடுத்த எல்லையில் பூக்க விட்டால், இரண்டிடத்தின் உழைப்பும் வீணாகும். ஆகவே ஒரே வாரத்தில், ஒரே கால்வாயின் மேற்புறத்திலிருந்து கீழ்நோக்கி, யாவரும் கூடிச் செய்வதே முறை.

பள்ளிகளில்

மாணவரைக் கொண்டு பார்த்தீனியத்தைப் பிடுங்குவது பல இடங்களில் தொண்டுப்பணியாகக் கருதப்படுகிறது. இது தவிர்க்கப்பட வேண்டும். ஒவ்வாமை யாருக்கு எப்போது தொடங்கும் என்று முன்கூட்டி அறிய இயலாது. பிடுங்கும் பணி, கையுறையும் முழுக்கைச் சட்டையும் முகமூடியும் அணிந்த பெரியவர்களுடையது. ஆஸ்துமாவோ தோல் ஒவ்வாமையோ உள்ள பெரியவர்களும் அதில் ஈடுபடலாகாது.

மாணவர் செய்யத்தக்க வேறு பணிகள் உள. பள்ளிக்கு வரும் வழியில் பார்த்தீனியம் நிற்கும் இடங்களைத் தொடாமல் நோக்கி, படம் வரைந்து குறிக்கலாம். அவ்விடங்களில் மண் கொட்டப்பட்டதா, கால்வாய் உள்ளதா, வாகனம் நிற்கிறதா என்று எழுதலாம். ஆசிரியர், பள்ளி வளாகத்தின் ஒரு மூலையிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துத் தட்டில் பரப்பி, நீர் தெளித்து, மாணவர் முன் வைக்கலாம். இரண்டு வாரங்களில் எத்தனை நாற்றுகள் முளைத்தன என்பதை அவர்கள் எண்ணுவர். செடியே காணப்படாத மண்ணில் உறங்கிய விதைகளை நேரில் காணும் மாணவர், இப்பாடத்தை மறப்பதில்லை. எண்ணி முடித்ததும், பூக்குமுன்னரே, ஆசிரியர் கையுறையணிந்து நாற்றுகளை அழித்துவிட வேண்டும்.

முடிவுரை

செடிகளுடன் வரும் பகையினங்களை நாட்டின் வாயிலிலேயே தடுக்க 1914ஆம் ஆண்டின் அழிவுசெய் பூச்சிகள் சட்டமும், 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையும் உள்ளன. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் அவை செயற்படுகின்றன. ஆனால் உள்ளே வந்துவிட்ட பகைக்கு ஒவ்வொரு மனையும் ஒரு வாயிலாகும். அங்குக் காவல் நிற்பவர் களப்பணியாளரே.

பார்த்தீனியத்தை இந்தியாவிலிருந்து அறவே நீக்குவது இன்று நடைபெறக்கூடியதன்று. ஒரு மனையை, ஒரு சாலையை, ஒரு பள்ளி வளாகத்தை அதனிடமிருந்து காப்பது நடைபெறக்கூடியதே. அடுத்த முறை மழை பெய்து பத்து நாட்கள் கழிந்ததும், தங்கள் பொறுப்பிலுள்ள நிலத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். தரையோடு ஒட்டிய அந்தக் கேரட் இலைகள் தென்படுமாயின், அவை பூப்பதற்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. வேலைக்குரிய காலம் அதுவே.